பவித்ரனுக்குப் பால்சுறா

புனிதா நைட்டியின் முன்பட்டனை அவிழ்த்ததுமே பவித்ரன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாலு மாதம்கூட நிறையாத பிள்ளைக்கு அந்த வெள்ளைச் சுவரில் என்ன தெரிந்ததோ, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இது நாலாவது நாள்.

"கோவமா இருக்கான் போல" என்றான் யுகேந்திரன். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை அவனுக்கு. ஆள் வாங்கவில்லை என்றால் நாளைக்கு வரலாம் என்பது அவன் தொழில் தர்மம். "விடு, நாளைக்கு மறுபடி குடுத்துப் பாக்கலாம்லா."

"இது என்ன பார்சலாங்க?"



பிரசவ விடுப்பு முடிந்து புனிதா ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட் கல்லாவுக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. காலையில் பிள்ளையையும், தன் பாலைக் கறந்து தேதி எழுதி உறைய வைத்த பைகளையும் பக்கத்து வீட்டு ஏஞ்சலாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஏஞ்சலாவும் அவள் கணவர் மரியஜோசப்பும் சித்தியவானிலிருந்து இந்தப் புந்தோங் பிளாட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம்தான். வீட்டில் பிள்ளை குட்டி கிடையாது. அவர் இரவெல்லாம் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார். அவள் அதிகம் பேசமாட்டாள். பவித்ரனைக் கை நீட்டி வாங்கும்போது மட்டும் முகம் மலரும்.

"உங்கிட்ட குடிக்கிறானா ஏஞ்சலா?"

"நல்லா குடிக்கிறான்க்கா."

அந்த ஒரு பதில்தான் புனிதாவை அறுத்தது. பாட்டிலில் குடிக்கிறான், பெற்றவளிடம் மாட்டேன் என்கிறான். வேலைக்குப் போன குற்றத்துக்கு இவ்வளவு சின்ன வயதிலேயே தண்டனை கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

சுங்காயில் இருக்கும் யுகேந்திரனின் அக்கா விமலாவுக்குப் போன் போட்டாள். விமலா மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். அந்தத் தகுதியில் முப்பது குடும்பங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பால் பத்தல. அதான் புள்ள கோவிச்சுக்குது. பால்சுறா வாங்கிப் புட்டு செஞ்சு சாப்புடு."

"நல்லாத்தான் ஊறுது அண்ணி."

"உனக்கென்ன தெரியும்? குடிக்கிறவனுக்குல்ல தெரியும்."

யுகேந்திரன் பாசாருக்குப் போனான். மீன் விற்கிற சீனத்தியிடம் எதற்காகச் சுறா கேட்கிறான் என்பதை மலாயில் விளக்கமாகவே சொன்னான். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் கூடிப் பேசி, இந்தக் காரியத்துக்கு மூன்று கிலோவாவது வேண்டும் என்று முடிவுசெய்து கட்டிக் கொடுத்தார்கள். சூப் வைக்கச் சொல்லி ஒரு பச்சைப் பப்பாளியும் கொடுத்தார்கள். வெளியே வரும்போது, தெரியாத ஒரு கிழவர் அவன் தோளைத் தட்டி எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"இவ்வளவையும் யாருங்க சாப்புடுறது?"

"பாதிய பக்கத்து வீட்டுக்குக் குடு. அந்தப் பொண்ணு துரும்பா இருக்கு."

மூன்று நாள் புட்டு, இரண்டு நாள் சூப். நாலாவது நாளே புனிதாவுக்கு மார்பு கல்லாகிவிட்டது. பவித்ரனை வலுக்கட்டாயமாக வாய் வைக்க வைத்தாள். பால் பீய்ச்சி அடித்து மூக்கில் ஏறிப் புரையேறி, அவன் போட்ட கூச்சலில் கீழ்மாடியிலிருந்து ஆள் வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவன் நைட்டியைக் கண்டாலே அழ ஆரம்பித்தான்.

"அப்ப வாயு" என்றாள் விமலா, கொஞ்சமும் அசராமல். "பூண்ட பால்ல வேக வச்சுச் சாப்புடு. ஒரு நாளைக்கு இருவது பல்லு."

இதிலும் பாதி ஏஞ்சலாவுக்குப் போனது. மீதியைத் தின்றுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவளின் வரிசையில் ஆள் நிற்கவில்லை. பக்கத்து வரிசை பிஸ்கட் அடுக்குவரை நீண்டது. அதுகூடப் பரவாயில்லை. கடையில் எந்தப் பிள்ளை அழுதாலும் புனிதாவின் சட்டை நனைந்தது. தள்ளுவண்டியில் சாக்லேட்டுக்கு அழுத ஐந்து வயதுப் பையனுக்கும் நனைந்தது. ஸ்டோர் ரூமில் பெம்பர்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாலைக் கறந்தபடி அவள் அழுதாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஊறுகிற பால், தன் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமாம்.

விமலாவின் மூன்றாவது வைத்தியம் கடுமையானது. "பசி தெரியாம வளக்கறீங்க. மத்தியானத்துக்கு மேல பாட்டிலே காட்டக்கூடாதுன்னு சொல்லு. நீ போற நேரத்துக்குப் பாஞ்சு வருவான் பாரு."

புனிதா ஏஞ்சலாவிடம் சொன்னாள். ஏஞ்சலா பவித்ரனை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அழுதா என்னக்கா பண்றது?"

"அழட்டும். பாட்டில மட்டும் தொட்டுறாத."

"சரிக்கா."

சாயங்காலம் ஐந்தரைக்கு நாலு மாடியையும் ஓடியே ஏறி, பிள்ளையை வாங்கி, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, மடியில் போட்டாள். பவித்ரன் அவளை நிதானமாகப் பார்த்தான். நீளமாக ஓர் ஏப்பம் விட்டான். பிறகு தூங்கிப்போனான்.

அவள் அப்படியே எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். "பாட்டில் குடுத்தியா ஏஞ்சலா?"

"சத்தியமா பாட்டில தொடவே இல்லக்கா" என்றாள் ஏஞ்சலா. அவள் கண் கலங்கியிருந்தது. பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று புனிதாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. யுகேந்திரன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து பிரித்து வைத்தான். அவள் கை வைக்கவில்லை.

"அவனுக்கு என்னைய வேணாங்க" என்றாள். "நான் வந்தா சொவத்தப் பாக்குறான். அவள பாத்தா சிரிக்கிறான். பத்து மாசம் சுமந்து பெத்தது நானாங்க, அவளா?"

யுகேந்திரன் பொட்டலத்தை மூடிவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு நீ வேணும்லா" என்றான். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் விமலாவே தோல்வியை ஒப்புக்கொண்டாள். "போதும் புனிதா. ஒடம்பக் கெடுத்துக்காத. மல்லிகப்பூவ வச்சு மாருல இறுக்கிக் கட்டு, ரெண்டு நாள்ல பால் வத்திரும். டின் பால் குடுத்து வளந்த புள்ளைங்க ஊர்ல இல்லையா?"

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் புனிதா நாலு முழம் மல்லிகை வாங்கினாள்.

"கோயிலுக்காம்மா?" என்றான் பூக்காரன்.

"ஆமாண்ணே" என்றாள். வேறு என்ன சொல்வது?

பத்து மணிக்குக் குளிர ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு மார்பில் ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. சூப்பர்வைசர் அவளைப் பார்த்துவிட்டுக் கல்லாவை மூடி வீட்டுக்கு அனுப்பினாள். நேராகப் பிள்ளையிடம் போகத்தான் தோன்றியது. பூவைக் கட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம். அவன் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது.

ஏஞ்சலா வீட்டுக் கதவை மரியஜோசப் திறந்தார். தூக்கம் கலையாத முகம், தோளில் துண்டு. இந்த நேரத்தில் அவளை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஏஞ்சலா உள்ள ரூம்ல இருக்கு தங்கச்சி. புள்ளைய தூங்க வச்சிக்கிட்டிருக்கு. நீங்க செத்த உக்காருங்க."

"காய்ச்சலா இருக்குண்ணே. ஐஸ் இருந்தா கொஞ்சம் எடுத்துக்கவா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் குளிர்ப்பெட்டியின் மேல்கதவைத் திறந்துவிட்டாள். ஐஸ் இல்லை. ஐஸ் வைக்க இடமும் இல்லை. உள்ளே முழுக்கப் பால் பைகள். முதல் நாளுடையது அடியில், நேற்றையது மேலே, ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்திரமாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய தேதி. ஒரு பைகூடப் பிரிக்கப்படவில்லை.

புனிதா கதவைச் சாத்த மறந்து நின்றாள். குளிர் முகத்தில் அடித்தது.

"அண்ணே, எம்புள்ள இத்தன நாளா என்னத்த குடிச்சான்?"

மரியஜோசப் சாத்தியிருந்த அறைக் கதவை ஒரு தடவை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். உள்ளே கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சித்தியவான்ல எங்க புள்ளைய அடக்கம் பண்ணி இன்னையோட நாப்பது நாளாச்சு தங்கச்சி. ஏஞ்சலாவோட பாலுக்கு மட்டும் அது இன்னும் தெரியல."