மூன்றாவது பெட்டியும் வல்லாரை லேகியமும்

காயல்பட்டினம்,
வியாழக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மருமகன் தமீம் அவர்களுக்கு மாமனார் ஜக்கரிய்யா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உங்கள் மாமி சம்சுன்னிசா, மகள் மர்வா, மர்வாவின் வயிற்றில் இருக்கும் இன்னும் பெயர் வைக்காத ஆள், நெட்வொர்க் பரீட்சைக்குப் பழகத் தாங்கள் விட்டுப்போன நான்கு பெட்டிகள் எல்லோரும் நலம். துபாயில் தங்கள் நலம் எப்படி என்று எழுதவும். இதைக் கொண்டுவருவது நம் அடுத்த வீட்டு அம்ஜத். நாளை விமானம் ஏறுகிறான். போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான், ஆளுக்கொரு வாய்தான். மாமனார் மனம் விட்டுப் பேச அது தோதுப்படாது.

நேற்று நீங்கள் மர்வாவிடம், "எனக்கு அந்தப் பரீட்சையே வேணாம். திங்கக்கிழம இங்கனயே இன்னும் மூணு வருஷத்துக்கு வேலக் காயிதத்துல கையெழுத்துப் போட்டுடுதேன்" என்று சொன்னீர்களாம். அவள் அழவில்லை. மீன் ஆணம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பதுதான் நம்மூர் வழக்கம். இங்கே பெண் வீட்டில் இருப்பது மாப்பிள்ளையின் பெட்டிகள். மாப்பிள்ளை கடலுக்கு அந்தப்பக்கம். பரீட்சையில் தேறினால் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனி வேலை தருகிறேன் என்கிறது, பிள்ளை பிறக்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கலாம். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு பேசமாட்டேன் என்கிறதற்காக இதெல்லாம் கெடுவதா?

பெட்டிகளைக் குறை சொல்லவில்லை. செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் மூன்று ரவுட்டர்கள், நடுவில் தரகன்போல் வாங்கி மாற்றிக் கொடுக்கும் பிரேம் ரிலே சுவிட்சாக நடிக்கும் நான்காவது ரவுட்டர். இந்த முறை வழக்கொழிந்துபோனது, ஆனாலும் பரீட்சையில் கேட்கிறார்கள் என்றீர்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் மற்றப் பெட்டியின் விலாசத்தை எழுதி, அதற்கு நேரே ஒரு எண்ணை எழுத வேண்டும், அதற்கு மேப் என்று பெயர், இதுவரைக்கும் எனக்கு விளங்கிவிட்டது. எதிர்ப் பெட்டியின் விலாசத்துக்கு எதிர்ப் பெட்டியின் எண்ணைத்தானே எழுதுவார்கள் என்று மர்வாவிடம் வாதாடினேன். "இல்ல வாப்பா, உம்மு ஹானி மாமி வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுபோவணும்னா நம்ம வீட்டுல எந்தக் கதவத் தொறப்போம்? பின்கதவ. அந்த நம்பர்தான் இது. மாமி வீட்டுக் கதவு நம்பர் நமக்கெதுக்கு?" என்றாள். பின்பக்க முடுக்குச் சந்து வழியாகவே போய்வரும் பெண்களுக்கு இது சுலபம்தான். ஆண்கள் நாங்கள் தெருவழியாகப் போகிறவர்கள்.

நீங்கள் ஆபீசிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட் வழியாகப் பெட்டிகளுக்குள் வருகிறீர்கள். பெட்டிகளின் விளக்குகள் மினுங்கியதும் இங்கே "மாப்பிள்ளை வந்துட்டாஹ!" என்று டிவியை அணைத்துவிடுவார்கள். முக்காடில்லாமல் உங்கள் முன்னால் ஒருநாளும் நிற்காத உங்கள் மாமி, முக்காட்டை இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விடுவாள். பின்வாசலில் மீன்காரி ஆறுமுகத்தாய்கூட அந்த நேரத்தில் வஞ்சிரத்தை ரகசியமாகத்தான் விற்கிறாள். இவ்வளவு மரியாதைக்கு நடுவில் மூன்றாவது பெட்டி மட்டும் நின்றுபோகிறது. "கரண்ட் போச்சா மாமா?" என்று நீங்கள் போனில் கூப்பிடுகிறீர்கள். நான் தூக்கத்திலிருந்து எழுந்துபோய்ப் பார்த்தால் பெட்டி ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய மேப் வரிகளைக் காணோம் என்கிறீர்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசினால் திரையில் ஐந்து ஆச்சரியக்குறி வருமாம், அந்த இடத்தில் ஐந்து புள்ளி வருகிறதாம்.

நான் சும்மா இருக்கவில்லை. டிவி மெக்கானிக் முத்துச்செல்வத்தைக் கூட்டிவந்தேன். "உப்புக்காத்து பண்ணுத வேல அண்ணாச்சி, நல்லா மூடி வைங்க" என்றான். கம்பளியால் மூடினேன். கம்பளி கருகும் வாசம் வந்ததும் மர்வா ஓடிவந்து உருவினாள். பிறகு ஒரு பல்லியைச் சந்தேகப்பட்டு விரட்டினேன். பல்லி தப்பியது, நான் வயர்களோடு விழுந்தேன். வயர்களை நானே திரும்பச் சொருகியதில், மர்வா வந்து சரிசெய்யும்வரை ஒன்றாம் பெட்டிக்குப் போகவேண்டியதெல்லாம் இரண்டாம் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நீங்கள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

தோணித்துறையில் காலமெல்லாம் சரக்கு ஏற்றி இறக்கியவன் நான், காரணம் தெரியாமல் எதையும் விட்டதில்லை. இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கோளாறு தங்கள் ஞாபகசக்தியில்தான். வெறும்வயிற்றோடு உட்கார்ந்து, எழுதாததை எழுதியதாக நினைத்துக்கொள்கிறீர்கள். அம்ஜத்திடம் வல்லாரை லேகியம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு சாப்பிட்டுப் பரீட்சை எழுதுங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

தங்கள் உடலுக்கு ஆரோக்கியத்தையும் அறிவுக்குத் தெளிவையும் மூன்றாவது பெட்டிக்கு நல்ல புத்தியையும் அல்லாஹ் தருவானாக. மாமியின் ஸலாம், மர்வாவின் ஸலாம். வஸ்ஸலாம்.

தங்கள் மாமனார்,
ஜக்கரிய்யா

பி.கு.: மேலே எழுதியதை அடிக்க வேண்டும், ஆனால் வேறு தாள் இல்லை. உறைக்குப் பசை தடவும்போது விளக்கு மினுங்கியது, நீங்கள் வந்துவிட்டீர்கள். கடிதம் எழுதியதால் நான் இன்று தூங்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் கை நீண்டு வந்து மூன்றாவது பெட்டியின் சுவிட்சை அணைத்தது. அந்தக் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான். "சம்சு!" என்று கத்திவிட்டேன். "மெதுவாப் பேசுங்க, மாப்பிள்ளை இருக்காஹ" என்கிறாள்! பிறகு சொன்னாள்: "பிள்ளை மத்தியானச் சோத்துக்குப் போவாம இதையே தட்டிக்கிட்டு இருக்காஹளாம். அணைச்சாத்தானே எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுவாஹ? நான் முன்னால வந்து சொல்ல முடியுமா?" நான் எழுந்துவரும் சத்தம் கேட்டதும் திரும்பப் போட்டுவிடுவாளாம்.

மர்வா சிரித்துச் சிரித்து மூச்சுவாங்கினாள். எழுதியதைச் சேவ் பண்ணாவிட்டால், அணைத்ததும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். ஆக, நீங்கள் எழுதியதெல்லாம் சரிதான் மருமகனே. லேகியத்தை அம்ஜத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எனக்குத்தான் தேவைப்படும். போனில் சொன்னால் மாப்பிள்ளை முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்கிறாள் மாமி. கடிதத்துக்கு மட்டும்தான் அனுமதி. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த வேலக் காயிதத்துல ஒண்ணும் எழுத வேணாம்னு சொல்லுங்க. பெட்டியில எழுதுனத மட்டும் சேவ் பண்ணிட்டுச் சாப்பிடப் போவட்டும். நான் இனி கை வைக்க மாட்டேன். ஊருக்கு வந்த பொறவும் சோத்துக்கு எந்திரிக்கலேன்னா, அப்ப பாத்துக்கிடுதேன்."