டம்ளர் அண்ணனின் தளும்பாத டீ

புனே நகரத்தில் நாள் முழுக்க டீ வாங்கிவிட்டு, அதில் ஒரு சொட்டுகூட வாயில் வைக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் டம்ளர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். அதை நான் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை.

டம்ளர் அண்ணன் ரோடு வேலை சூப்பர்வைசர். பள்ளம் அடைக்கிற காண்ட்ராக்டர் ஒருவரிடம் இருந்தார். அவருக்குக் கீழே ஆறு பேர். ஆறாவது ஆள் நான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோவில்பட்டியில் தீப்பெட்டி, திருப்பூரில் பனியன், கோலாப்பூரில் செருப்புக்கடை என்று சுற்றிவிட்டுப் புனேயின் கட்கி ஸ்டேஷனில் இறங்கியபோது கையில் ஒரு பை, காலில் கடைசி முதலாளி கொடுத்த செருப்பு. அவ்வளவுதான் சொத்து. ஸ்டேஷனுக்கு வெளியே யாரோ தமிழில் திட்டுகிற சத்தம் கேட்டது. நாலு வருஷமாக அப்படி ஒரு சுத்தமான திட்டு காதில் விழவில்லை. ஆசையாகப் பக்கத்தில் போனேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து நின்று திட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஆள் யாரும் இல்லை. அவர் திட்டியது ரோட்டை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாபா, தமிழா? இன்னா படிச்சிக்கிற?"

"எட்டாவதுண்ணே."

"போதும். லெவல் பாக்கறதுக்குப் படிப்பு வேணாம். அந்தக் கடப்பாரைய எடு."

அன்றிலிருந்து என் பெயர் 'எட்டாவது' ஆயிற்று.

அண்ணனின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அண்ணன் பிறந்ததே கட்கியில்தான். லாத்தூரிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் மராத்தி பேசுவார், டிராஃபிக் போலீஸிடம் இந்தி பேசுவார். தமிழை வீட்டுக்கும் ரோட்டுக்கும் மட்டும் வைத்திருந்தார்.

இனி அந்த டீ விஷயம். பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, தூசியைப் பெருக்கி, தார் தெளித்து, சூடான கலவையைக் கொட்டி, ரோலரால் அமுக்கினால் மற்ற குழுக்களுக்கு வேலை முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம். ரோட்டோரம் மராத்திக்காரர்கள் மௌஷி என்று கூப்பிடுகிற எந்த அம்மாவின் டீக்கடை இருந்தாலும் அதில் ஒரு டீ வாங்கி, தன் எவர்சில்வர் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் ஊற்றச் சொல்வார். அதைத் தன் பழைய ஸ்கூட்டரில், கால் வைக்கிற தட்டில், இரண்டு ஷூக்களுக்கும் நடுவே வைப்பார். பூஜைக்குக் கிளம்புகிற முகத்தோடு வண்டியைக் கிளப்பி, அடைத்த இடத்தின் மேல் ஓட்டுவார். டீ சிந்தாவிட்டால் அடுத்த பள்ளம். சிந்தினால் ஒரே வார்த்தை.

"தோண்டு."

சோதனை முடிந்த டீ எங்களுக்கு. அது எப்போதும் ஆறிப்போய், மேலே ஆடை கட்டி, சில சமயம் ஜல்லித் தூசியோடு இருக்கும். தான் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால், தராசை யாராவது தின்பார்களா என்று திருப்பிக் கேட்பார்.

ஏமாற்றிப் பார்க்காமல் இல்லை. சிஞ்ச்வட்டில் ஒரு மத்தியானம், நாலு குளுகோஸ் பிஸ்கட்டைக் கரைத்து டீயைக் கெட்டியாக்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கவிழ்த்தாலும் யோசித்துத்தான் விழும் என்கிற பதம். வாங்கியவர் லேசாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அன்றைக்குப் பள்ளம் முழுவதையும் என்னைத் தனியாகத் தோண்ட வைத்தார்.

லோஹேகாவில் விமானப்படைச் சுவரை ஒட்டி ஒரு பள்ளம் அடைத்தோம். இவர் குனிந்த தலையோடு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு முறை ஓட்டினார். காவலுக்கு நின்ற சிப்பாய் பதினோரு முறை பொறுத்துக்கொண்டான். பிடித்து விசாரித்தபோது இவர் ஒளிக்காமல் டீயைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். அவன் நம்பவில்லை. நீயே ஓட்டிப் பார் என்று வண்டிச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டார். சிப்பாய் துப்பாக்கியையும் பார்த்தான், டீயையும் பார்த்தான், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

இதெல்லாம் காண்ட்ராக்டருக்குப் பிடிக்கவில்லை. மற்ற குழு பத்துப் பள்ளம் அடைக்கிற நேரத்தில் நாங்கள் நாலு அடைத்தோம். அவருடைய மச்சான் ஒருவர் புதுச் சட்டை, புது ஹெல்மெட்டோடு சூப்பர்வைசர் ஆவதற்குத் தயாராக வேறு இருந்தார். மழை தொடங்குவதற்கு முன்பு கட்கி கடைவீதியில் மூன்று பள்ளங்கள் கொடுத்தார்கள். பதினொரு மணிக்கு மாநகராட்சி இன்ஜினியர் மேடம் வந்து பார்ப்பார், அப்போது மூன்றும் மூடியிருக்க வேண்டும், ஒன்று திறந்திருந்தாலும் மறுநாள் மச்சான்தான் சூப்பர்வைசர் என்று காண்ட்ராக்டர் எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கே மூன்றையும் முடித்தோம். டீ வாங்கி வர அண்ணன் ஸ்கூட்டரை என்னிடம் கொடுத்தார். கடைவீதித் திருப்பத்தில் நான் முன்சக்கரத்தைக் கல்லில் மோதினேன். சக்கரம் லேசாக வளைந்தது. லேசாகத்தானே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

சோதனை ஆரம்பித்தது. முதல் பள்ளம் சிந்தவில்லை. இரண்டாவதும் சிந்தவில்லை. மூன்றாவதில் ஷூ நனைந்தது.

"தோண்டு."

மணி பத்தரை. நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம் என்று மற்ற ஐந்து பேரும் மராத்தியில் கெஞ்சினார்கள். அவர் கடப்பாரையைத் தானே எடுத்துக்கொண்டார். பிறகு நாங்கள் எப்படிச் சும்மா நிற்பது?

பதினொன்றுக்குப் புத்தம் புது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் மேடம் வந்தார். பின்னாலேயே காண்ட்ராக்டர். நடு ரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு பள்ளம். காண்ட்ராக்டர் கத்தியதில் பாதிக் கடைவீதி கூடிவிட்டது. முன்னால் போய், சக்கரம் வளைந்திருக்கிறது, வளைத்தது நான்தான், டீ அதனால்தான் சிந்தியது என்று சொல்லிவிட்டேன்.

காண்ட்ராக்டர் முகம் மலர்ந்தது. தப்பு வண்டிமேல்தான், ரோடு நல்ல ரோடுதான், அரை மணியில் மூடிவிடுவார்கள் என்று மேடத்திடம் சொன்னார். மேடமும் தலையை ஆட்டினார். அண்ணனும் ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் அவர் வேலை பிழைத்திருக்கும்.

அவர் என்னையே பார்த்தார்.

"எட்டாவது, சக்கரம் வளைஞ்சிகீது. அப்போ மொத ரெண்டையும் எத வச்சிப் பாஸ் பண்ணேன்?"

அவர் மேடத்திடம் வணக்கம் போட்டு, "மேடம், ஏக் மினிட், ஆப்கி காடி தீஜியே," என்று அவர் வண்டியை இந்தியில் கேட்டார். மேடம் எதைக் கொடுக்கிறோம் என்று புரிவதற்குள் வண்டியைக் கொடுத்துவிட்டார். புது டீ, புது ஸ்கூட்டர். முதல் பள்ளத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டாவதில் பாதி டீ மேடத்தின் புது வண்டித் தட்டில் கொட்டியது. வளைந்த ரோடும் வளைந்த சக்கரமும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்துகொண்டிருந்திருக்கின்றன.

மேடம் ரோட்டில் உட்கார்ந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல் கனத்துக்கு உள்வாங்கியிருந்தது.

"தோண்டு," என்றார் அண்ணன். அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டையும் முடித்துவிட்டுக் கணக்கை வாங்கிக்கொண்டு கிளம்பு என்று காண்ட்ராக்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் மேடம் தானாகவே வண்டிச் சாவியை நீட்டினார். மூன்றிலும் டீ ஆடக்கூட இல்லை. நாங்கள் கைதட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மச்சான் புது ஹெல்மெட்டோடு ரோட்டோரம் நின்றிருந்தார்.

அண்ணன் டம்ளரை எடுத்தார். வழக்கம்போல எங்களிடம் நீட்டுவார் என்று நான் கையை நீட்டினேன். அவர் வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"சீ, ஆறிப்போய்கீது. இத்தினி நாளா இதையாடா குடிச்சினு இருந்தீங்க?"

"ஆமாண்ணே."

"சொல்லக் கூடாதா?" என்றார். டம்ளரைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கோணல் சக்கர ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார்.

மச்சான் நல்ல மனிதர். ரோலர் ஓட்டி முடிந்ததும் ஆளுக்கொரு டீ, ஆவி பறக்க வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு நான் அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை. டீ வந்தால் இப்போதும் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். சூடாகக் குடிக்க இன்னும் பழகவில்லை.