பத்தாண்டில் மிஞ்சிய ஒரு வேலை நாள்

பதுளையிலுள்ள ஓர் அரசாங்க அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை ஒன்று வந்து சேர்ந்தது. இனி எந்த நிகழ்வாயினும் பத்தாண்டு டிஜிட்டல் நாட்காட்டியைப் பார்த்து, வேலை நாளில் மட்டுமே குறித்தல் வேண்டும் என்று அது பணித்தது. ஆகவே, பெரகல சந்திக்கு மேலே மண்சரிவு அபாயத்திலிருந்த தேயிலைத் தோட்ட லயத்தின் இருபத்திரண்டு குடும்பங்களுக்குக் காணிப் பத்திரம் வழங்கும் விழா, நாட்காட்டி தயாராகும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

அலுவலகத்தில் கணினி வேலை பார்த்த ஜீவராணிக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய தாய் இராக்கம்மா அந்த லயத்தில்தான் இருந்தாள். அவளுடைய ஒற்றை அறையான காம்பராவின் சுவர் வெடிப்புக்குள் இப்போது உள்ளங்கை நுழைந்தது. பத்திரம் கைக்கு வந்தால்தான் புதிய இடத்தில் அத்திவாரம் வெட்டலாம்.

நாட்காட்டிக்கென்று குழு அமைக்கப்பட்ட அன்று காலையே அவள் வேலையை முடித்துவிட்டாள். பைதன் என்னும் நிரல்மொழிக்குள்ளேயே நாட்காட்டிக் கருவி ஒன்று இருக்கிறது. ஆண்டைச் சொன்னால் பன்னிரண்டு மாதங்களையும் அடுக்கித் தந்துவிடும். பத்து ஆண்டுகளுக்கு மூன்று வரி போதும்.

பணிப்பாளர் கிருஷ்ணராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு வரியா, மிஸ்? குழுவுக்கு ஆறு மாசம் குடுத்திருக்கோமே.”

“உள்ளேயே இருக்கிற கருவி, சேர்.”

“யாருடைய அனுமதியில உள்ளே வச்சாங்க?”

தலைமை எழுதுவினைஞர் புவாத் திரையை உற்றுப் பார்த்தார். “தங்கச்சி, வாரம் திங்கள்ல தொடங்குதே. எடுத்த எடுப்பிலேயே வேலை நாள் வந்தா ஆளுங்க மனசு விட்டுப் போகும்.”

இன்னொரு வரி சேர்த்தாள். வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது. குழு கைதட்டியது.

“லீவு எங்க?” என்றார் பணிப்பாளர்.

“அதுக்குத் தெரியாது, சேர். நாமதான் சொல்லணும்.”

சொன்னார்கள். பௌர்ணமிப் போயா, தீபாவளி, பெருநாள், நத்தார். ஊருக்குப் போக முந்திய நாள், திரும்பி வர மறுநாள். பயிற்சி நாள், பயிற்சியின் பயனை மதிப்பிடும் நாள், மதிப்பீட்டின் களைப்பு தீரும் நாள். சொன்னதையெல்லாம் கருவி பணிவோடு சிவப்பாக்கியது. ஆறாவது மாத முடிவில், பத்தாண்டுகளிலும் வேலை நாளாகக் கறுப்பில் நின்றது 2031 ஜூலை 29 மட்டுமே.

“ஒண்ணு தப்பிருச்சு,” என்றார் பணிப்பாளர், சற்று வருத்தத்தோடு. “விழாவை அதுல வச்சிருவோம்.”

ஜீவராணி அன்றே பஸ் ஏறி லயத்துக்குப் போனாள்.

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து சண்டை போடுங்கம்மா. ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணு ஜூலை இருபத்தொன்பது, செவ்வாக்கிழமைன்னு நாள் குறிச்சிருக்காங்க.”

இராக்கம்மா விரல் விட்டு எண்ணினாள். அவள் முகம் கறுத்தது.

“ஆடி பதிமூணுல்ல வருது? செவ்வாக்கிழமை வேற. ஆடியில யாராவது காணிப் பத்திரம் வாங்குவாங்களா?”

“அஞ்சு வருசம் கழிச்சும்மா. அதைக் கேளுங்க.”

“அஞ்சு வருசம் ஓடிப் போயிரும்டி. ஆடியில வாங்கினது நிலைக்குமா?”

மறுநாள் இருபத்திரண்டு குடும்பங்களும் மனுவோடு பதுளைக்கு வந்தன. அந்த நாள் வேண்டாம் என்பதே அவர்களின் ஒரே கோரிக்கை. மாற்று நாள் எதையும் மனு கேட்கவில்லை. நல்ல நாளாகப் பார்த்து ஐயாவே சொல்லட்டும் என்று முடிந்திருந்தது.

பணிப்பாளர் நின்றபடியே கையொப்பமிட்டார். “இவ்வளவு நியாயமான மனுவை என் சேவைக் காலத்துல பார்த்ததில்லை,” என்றார். மக்கள் கைகூப்பினார்கள்.

பொதுமக்களின் வேண்டுகோளுக்கிணங்க 2031 ஜூலை 29 விடுமுறை நாளாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதைச் சிவப்பாக்கியவளும் ஜீவராணிதான்.