ஒன்பது கிலோ திட்டு

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகை முன்னால் கார்கள் வரிசை கட்டி நின்றன. விடிவதற்கு முன்பே வந்து இடம் பிடித்தவர்களும் உண்டு. புதுக் கார், பழைய கார், கடன் கட்டி முடிக்காத கார், கதவைச் சாத்தினால் கண்ணாடி இறங்குகிற கார் எல்லாம் வந்திருந்தன. எல்லாம் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி வாயைப் பிளந்து காத்திருந்தன. உள்ளே லேசு ஐயா இருந்தார்.

லேசு ஐயாவின் கண்டுபிடிப்பு ரொம்ப எளிமையானது. ரோட்டில் ஒருவன் உங்கள் காரைப் பார்த்துத் திட்டுகிறான். அந்தத் திட்டு எங்கே போகிறது? தகரத்தில் பட்டு, ஒயர் வழியாக ஊர்ந்து, பேட்டரிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனூண்டு பெட்டி ஏன் அந்தக் கனம் கனக்கிறது என்று என்றைக்காவது யோசித்தீர்களா? உள்ளே ஈயம் இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் பேச்சைக் கேட்க யார் விடியற்காலையில் வரிசையில் நிற்கப் போகிறார்கள்?

ஐயா பேட்டரியைக் கழற்றி, எல்லார் கண் முன்னாலும் முள் தராசில் வைப்பார். பதினாலு கிலோ. பிறகு அது மூன்று நாள் உள்ளறையில், இருட்டில், மௌனத்தில் இருக்கும். அதற்குள் யாருக்கும் அனுமதி இல்லை. நாலாம் நாள் பளபளவென்று வெள்ளித் தாள் சுற்றி, அரக்கு முத்திரை குத்தி வெளியே வரும். தராசில் வைத்தால் ஐந்து கிலோ. காரில் மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்பில் வண்டி கிளம்பும். கூட்டம் கை தட்டும். “தாளைப் பிரிச்சா போன திட்டெல்லாம் திரும்பி வந்துடும்” என்று ஐயா எச்சரிப்பார்.

இதற்கெல்லாம் ஐயா ஒரு பைசா வாங்குவதில்லை. நீட்டினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். “காசு வாங்காத மனுஷன் எதுக்குங்க ஏமாத்தணும்?” என்று ஊரே கேட்டது. கேட்டதோடு நிறுத்திக்கொண்டது. பதிலைத் தேடிப் போகிற அளவுக்கு யாருக்கும் நேரமில்லை, வரிசையில் இடம் போய்விடும்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு இந்தச் செய்தி எட்டியபோது, தன் வாழ்க்கையே விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கார். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த கார். உலகத்தில் வேறு எந்த வாகனம் அந்தத் திட்டு வாங்கியிருக்கும்? முன்னால் போகிறவன் திட்டுவான், பின்னால் வருகிறவன் ஹாரனால் திட்டுவான், நடந்து போகிறவர்கூட நின்று திட்டிவிட்டுப் போவார். பன்னிரண்டு வருஷமாக அத்தனையையும் அந்தப் பேட்டரி விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது மாஸ்டருக்குக் கண் கலங்கியது. நடுவில் இரண்டு முறை பேட்டரி மாற்றியது அவர் நினைவுக்கு வரவில்லை.

பேட்டரியைக் கொடுத்தார். மூன்று நாள் வகுப்பை ரத்து செய்தார். நாலாம் நாள் வெள்ளித் தாளோடு திரும்பி வந்தவர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தார்.

“ஒன்பது கிலோ திட்டு இறங்கியிருக்கு!”

அவருடைய கொழுந்தியாள் தையல் மெஷினை நிறுத்தினாள். அக்கா வீட்டோடு இருந்து துணி தைத்துக்கொடுப்பவள். குனிந்து குனிந்து முதுகு போனதால், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வண்டி ஓட்டும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். இந்த மாசக் கடைசிக்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை அவளுக்கு. மாமாவிடம்தான் கார் கற்றுக்கொண்டிருந்தாள். சுமாராக ஓட்டுவாள். கிளட்சை மட்டும் பட்டென்று விட்டுவிடுவாள், வண்டி குலுங்கி நின்றுவிடும்.

“எடுத்த ஒன்பது கிலோ எங்க மாமா?”

“எங்கன்னா? காத்துல கரைஞ்சிடுச்சு.”

“நான் தைச்சுக் குடுத்த சட்டை பாதி எடைதான் இருக்குன்னா, மீதித் துணி எங்கன்னு கேப்பாங்க. காத்துல கரைஞ்சிடுச்சுன்னு சொன்னா விடுவாங்களா?”

“துணியும் திட்டும் ஒண்ணாம்மா?” என்றார் மாஸ்டர் பரிவோடு. அறியாதவர்களிடம் கோபப்படக் கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் தேர்வு. மைதானத்தில் மாஸ்டரின் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் வண்டியைக் கிளப்பி இரண்டு தரம் நிறுத்தினான். அடுத்தவர் மூன்று தரம். கற்றுக்கொள்கிற வண்டி அப்படித்தான், நின்று நின்று கிளம்பும். மற்றவர்களின் கார் காலையில் ஒரு தரம் கிளம்பும், மாலையில் ஒரு தரம். இது ஒரு மணி நேரத்தில் அவர்களின் மாதக் கணக்கை முடித்துவிடும். கொழுந்தியாள் முறை வந்தபோது சாவியைத் திருப்பினாள். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினாள். இந்தத் தரம் அந்த ‘டிக்’கூட வரவில்லை.

“தள்ளிட்டுப் போங்க” என்றார் தேர்வு அதிகாரி, தாளில் ‘தோல்வி’ என்று எழுதிக்கொண்டே. “அடுத்த தேர்வுலயும் உங்க வண்டி இப்படி நின்னுச்சுன்னா, உங்க ஸ்கூலுக்கு இங்க வேலை இல்லை.”

மாஸ்டர் காரைத் தள்ளிக்கொண்டே ஐயாவிடம் போனார். ஐயா கண்ணை மூடித் திறந்தார். “கடைசியா யாரு உட்கார்ந்தா?”

“என் மச்சினிங்க.”

“கனத்த மனசு. அவங்க பார்வை பட்டே பேட்டரி நெறைஞ்சிடுச்சு. இனிமே அந்தப் பொண்ணு வண்டியில ஏறக் கூடாது.” வேறொரு வெள்ளித் தாள் பேட்டரியை மாட்டி அனுப்பினார். பேட்டரி செத்த எல்லாருக்கும் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார், காசு வாங்காமல். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வந்து நிற்பதே பக்தி என்று ஆகிவிட்டது.

வீட்டில் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னபோது கொழுந்தியாள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். தையல் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மாஸ்டரின் மனைவிதான் பேசினாள்.

“என் தங்கச்சி மனசு கனமா? அவளக் கூட்டிட்டுப் போய் அந்தாளு முன்னால நிறுத்துங்க. கனத்த இறக்குறவருதான அவரு? இறக்கட்டும். இல்லேன்னா உங்க வண்டியில நானும் ஏற மாட்டேன், உங்களுக்கு இந்த வீட்டுல சோறும் கிடையாது.”

இரண்டாவது நிபந்தனை மாஸ்டருக்கு உறைத்தது.

மறுநாள் மாஸ்டர் கொழுந்தியாளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கொட்டகையில் வழக்கம்போல் கூட்டம். லாரிக்காரர் ஒருவர் தன் சொந்தக் காரோடு முதல் ஆளாக நின்றார். அவர் காருக்கு அப்போதுதான் வெள்ளித் தாள் பேட்டரி மாட்டியிருந்தார்கள். ஒரே திருப்பு, வண்டி கிளம்பியது, கை தட்டினார்கள்.

“அண்ணே, நான் ஒரு தடவ கிளப்பிப் பாக்கட்டுமா?” என்றாள் கொழுந்தியாள்.

“தாராளமா பாரும்மா” என்றார் லாரிக்காரர். அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

அவள் உட்கார்ந்து முகப்பு விளக்கைப் போட்டாள். கியர் போட்டு, தனக்கே உரிய முறையில் கிளட்சைப் பட்டென்று விட்டாள். வண்டி குலுங்கி நின்றது. திரும்பக் கிளப்பினாள். நின்றது. இத்தனை நாள் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்ட அந்தத் திறமை அன்றைக்குத்தான் உபயோகத்துக்கு வந்தது. ஏழெட்டு முறைக்குப் பிறகு விளக்கு மங்கியது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஐயா எழுந்து வந்தார். “நான்தான் சொன்னேனே. இந்தப் பொண்ணு மனசுல இருக்கிற கனமெல்லாம் பேட்டரியில ஏறிடுச்சு.”

“அப்ப இது இப்ப கனத்திருக்கணும், இல்லீங்களா?” என்றாள் அவள்.

ஐயா தராசை ஒரு பார்வை பார்த்தார். “கனத்துத்தான் இருக்கும்.”

“தராசுல வையுங்க.”

லாரிக்காரரே கழற்றித் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ஐந்து கிலோ. முள் நூல் அளவும் நகரவில்லை.

“பெண் மனக்கனம் நுட்பமானது” என்றார் ஐயா. “தராசுக்குத் தெரியாது.”

“சரிங்க, அப்ப ரோட்டுத் திட்டே திட்டலாம். பதினாலு கிலோ வரைக்கும் ஏறுமே.” அவள் கூட்டத்தைப் பார்த்தாள். “எல்லாரும் வண்டி ஓட்டுறவங்கதானே? இதப் பாத்துத் திட்டுங்க. முள்ளு ஏறுதான்னு பார்ப்போம்.”

முதலில் ஒரு வாடகைக் கார் டிரைவர் கூச்சத்தோடு தராசைப் பார்த்து, “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்றார். முள் அசையவில்லை. மருந்துக் கடைக்காரர், “உனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?” என்றார். அசையவில்லை. அப்புறம் தயக்கம் விட்டுப்போனது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் தராசைச் சுற்றிக்கொண்டு, வெள்ளித் தாள் சுற்றிய ஒரு பெட்டியைக் கண்டபடி திட்டினார்கள். அச்சில் ஏற்ற முடியாதவையும் அதில் உண்டு. முள் ஐந்திலேயே நின்றது.

“மனசாரத் திட்டணும்” என்றார் ஐயா. குரல் உள்ளே போயிருந்தது.

“மனசாரத்தான்யா திட்டுறேன்! இருவது வருஷமா லாரி ஓட்டுறேன், எனக்கா திட்டத் தெரியாது?” என்று லாரிக்காரர் தொண்டை கட்டிக் கத்தினார்.

“தராசு பழுதா இருக்கலாம்...”

“உங்க தராசுங்க ஐயா” என்றார் மாஸ்டர். தான்தான் பேசினோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. “என் பேட்டரி பதினாலு கிலோன்னு காட்டினதும் இதே தராசுதான். அப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

அவர் தராசுக்கு அருகே போனார். வெள்ளித் தாளின் ஓரத்தைப் பிடித்தார். பிரித்தால் திட்டெல்லாம் திரும்பி வரும். “வந்தா வரட்டும். பன்னெண்டு வருஷமா வாங்காததா!” என்று சொல்லிக்கொண்டே ஒரே இழுப்பில் கிழித்தார்.

உள்ளே கார்ப் பேட்டரியின் வெறும் பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளைத் தெர்மாகோல். தெர்மாகோலுக்கு நடுவே, தூங்குகிற குழந்தை மாதிரி, பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்று. பெட்டியின் மேலிருந்த முனைகளிலிருந்து அதற்கு இரண்டு ஒயர்.

லாரிக்காரர் உள்ளறைக் கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். இருட்டும் மௌனமும் இருந்த அறைக்குப் பின்பக்கம் இன்னொரு கதவு இருந்தது. அதை ஒட்டி ஒரு சரக்கு வேன். வேனில் பாதி ஏற்றியும் தரையில் பாதி அடுக்கியும் ஊரார் பேட்டரிகள், தலா பதினாலு கிலோவுடன், விற்பனைக்குத் தயாராக இருந்தன. காசு வாங்காத மனுஷன் எதை வாங்கினார் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

“இது... இது லேசான புது வகை பேட்டரி. வெளிநாட்டுல இதான் போடுறாங்க” என்றார் ஐயா.

“லேசான பேட்டரி நெசமாவே இருக்குங்க” என்றாள் கொழுந்தியாள். “கடையில கேட்டேன். விலை ஜாஸ்தி. ஆனா ரசீது தராங்க, உத்தரவாதம் தராங்க, வண்டிக்குப் பொருந்துமான்னு பாத்துத்தான் தராங்க. தெர்மாகோல் போட்டுத் தர்றதில்லை.”

அதற்குப் பிறகு கூட்டம் திட்ட ஆரம்பித்தது. இந்த முறை பேட்டரியை அல்ல. போலீஸ் ஜீப் வரும்வரை திட்டினார்கள். ஐயாவின் எடை கூடியதா என்று யாரும் பார்க்கவில்லை.

மாஸ்டர் அடுக்கில் தேடித் தன் பேட்டரியைக் கண்டுபிடித்தார். மூடியில் அவரே ஆணியால் கீறியிருந்த எழுத்து இருந்தது. தூக்கிக்கொண்டு கொழுந்தியாள் முன்னால் வந்து நின்றார். கனம் தோளை இழுத்தது.

“உன்னைப் போய் சொன்னேனே...” என்றார்.

“முதல்ல மாட்டுங்க மாமா. வியாழக்கிழமை தேர்வு.”

வியாழக்கிழமை அவள் மைதானத்தில் இரண்டு தரம் வண்டியை நிறுத்தினாள். இரண்டு தரமும் அது உறுமிக்கொண்டு கிளம்பியது. அதிகாரி ‘தேர்ச்சி’ என்று எழுதினார். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது, ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை அவளுக்குத்தான். திரும்பும் வழியில் அவளே ஓட்டினாள். சிக்னலில் வண்டி குலுங்கி நின்றது. பின்னாலிருந்து ஒருவன் தலையை நீட்டி அவள் பரம்பரையையே விசாரித்தான். பழக்கதோஷத்தில் மாஸ்டர் காரின் முன்மூடியைப் பார்த்தார்.

“அங்க ஒண்ணும் ஏறாது மாமா” என்று அவள் சாவியைத் திருப்பினாள்.

அந்தக் கொட்டகை இப்போது காலியாக இருக்கிறது. வேறு ஊரில் ஒருவர் வீடுகளின் பாரத்தை இறக்குகிறாராம், அதுவும் இலவசமாகவாம். வரிசை நீளமாம். போகிறவர்கள் போகட்டும். போனால் கும்பிடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: இறக்கினதை எங்கே வைத்திருக்கிறாய்? கேட்டுவிட்டுப் பின்பக்கக் கதவையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.