உள்ளங்கால் கம்பவுண்டர்

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் யார் முகத்தையும் பார்க்காமலே ஊர் முழுவதையும் அறிந்த ஒரே மனிதர், எங்கள் ஊர் தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான். அது வெள்ளைக்காரன் காலம். அவர் நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊர் வைத்த பெயர் 'உள்ளங்கால்'.

டாக்டருக்கு நீரிழிவுக்காரர்களைக் கண்டாலே ஆகாது. "சாகவும் மாட்டானுங்க, குணமாகவும் மாட்டானுங்க" என்று எரிந்து விழுவார். ஆகவே அத்தனை பேரும் கம்பவுண்டர் தலையில். இவர் மருந்தோடு விட்டாரா? சந்தையோ இழவு வீடோ, கண்ட இடத்தில் குனிந்துவிடுவார்.

"ஏனுங்க, காலைத் தூக்குங்க."

"எளவு ஊட்டுலயா?"

"இன்னொரு எளவு வேண்டாமுன்னுதானுங்க."

என் அப்பாவுக்கும் அதே வியாதி. செருப்பில்லாமல் காடு சுற்றுகிறவர். முள் ஏறினால்கூடத் தெரியாது. "வலிக்கவே இல்லியே!" என்று பெருமையடிப்பார்.

"வலிச்சா நாஞ் சந்தோசப்படுவனுங்க" என்பார் கம்பவுண்டர்.

தங்கை கல்யாணத்தில் வந்தது வினை. அழைக்காமலே வந்து பந்தியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா இலையில் விழுந்த வெல்லக் கச்சாயத்தையெல்லாம் தன் இலைக்கு மாற்றிக்கொண்டார். அதோடு விடாமல், சம்மணம் போட்டிருந்தவரின் காலை இழுத்து மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். எதிரே புதுச் சம்பந்தி.

"ஏனுங்க, இது சீக்காளி ஊடுங்களா?" என்றார் சம்பந்தி. என் மானம் கப்பலேறிற்று.

பி.ஏ. படித்த திமிர் எனக்கு. மறுநாளே இங்கிலீஷில் ஒரு மனு எழுதி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கி மேலே அனுப்பினேன். கம்பவுண்டரை வாழப்பாடிக்குத் தூக்கி அடித்தார்கள். என் இங்கிலீஷை எல்லோரும் மெச்சினார்கள். நாசமாய்ப் போக அந்த இங்கிலீஷ்!

அந்த வருஷமே அப்பா காலில் முள் ஏறியது. வலிக்கவில்லை. வாடை வந்த பிறகுதான் பார்த்தோம். சேலத்தில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டுக் கம்பவுண்டர் பஸ் பிடித்து வந்தார். திட்டட்டும் என்று வாசலில் நின்றேன். என்னை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போய்க் கட்டிலடியில் குந்தினார்.

"இருக்கற காலைக் காட்டுங்க, சாமி."

அப்பா அழுதுகொண்டே நீட்டினார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் வந்தார். அந்த ஒரு கால் அப்பாவோடு கடைசிவரை முழுசாக இருந்தது.

இப்போது எனக்கும் அதே வியாதி. தினமும் குளித்ததும், அவர் எதிரே குந்தியிருப்பதாக நினைத்துக்கொண்டு, காலைத் தூக்கிக் காட்டுகிறேன்.