நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு துண்டுத் தீவு

என் பெயர் சந்தோஷ்குமார். சந்தோஷம் பெயரோடு சரி. திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளின் உதிரி பாகக் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். மூன்று வருஷமாக ஒரு தீவுக்கு ராஜாவாகவும் இருக்கிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். அங்கே எனக்குக் கோட்டை உண்டு. குதிரை உண்டு. நான் சொன்னால் கேட்கிற முந்நூறு பேர் உண்டு. இங்கே எனக்கு ஸ்ரீதேவி உண்டு.

ராஜாவுக்கு ஒரே குறை, வழி தெரியாது. எதிரிக் கோட்டைக்கு என்று படையைத் திரட்டிக்கொண்டு கிளம்புவேன். கடலில் போய் நிற்பேன். முந்நூறு பேரும் சிரிப்பார்கள்.

தீவின் வரைபடம் ஒரு இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் சதுரம் சதுரமாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். அறுபத்துநாலு வரிசை. வரிசைக்கு அறுபத்துநாலு துண்டு. மொத்தம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. அத்தனையையும் இறக்கி, ஒரே படமாக ஒட்டி, ஃப்ளெக்ஸ் அடித்து ஹால் சுவரில் மாட்டுவது என்று நாலு மாதம் முன்பு சபதம் எடுத்தேன். கையால் ஒட்டினால் அதற்குள் எனக்கு அறுபதாம் கல்யாணம் வந்துவிடும். ஸ்கிரிப்ட் என்று சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிவிட்டால் அதுவே ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை லீவு போட்டேன்.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றாள் ஸ்ரீதேவி. என் மனைவி; வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். வாயில் நாலு குண்டூசி இருந்தாலும் வார்த்தை பிசகாமல் பேசுவாள்.

"இன்னைக்கு நானும் தைக்கப் போறேன் அம்மிணி."

"என்னத்தைங்க?"

"ஒரு தீவை."

ஊசிகளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "லைனிங் வெச்சுங்களா, வெக்காமலா?"

இருபது வரியில் ஸ்கிரிப்ட் எழுதினேன். பதினெட்டாவது வரியில் பிழை என்றது. திருத்தினேன். மூன்றாவது வரியில் பிழை என்றது. மூன்றாவது வரியை நான் தொட்டதே இல்லை. சனிக்கிழமை இப்படியே தீர்ந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒருவழியாகப் படம் வந்தது. மலை உச்சியில் கடல். கடல் நடுவே பாதிக் காடு. ஆறு நாலடி ஓடிவிட்டு, மனம் மாறியதுபோல் நின்றுவிட்டது. என் கோட்டை எட்டு இடத்தில் சிதறிக் கிடந்தது. எதிரிகள் மூன்று வருஷத்தில் செய்ய முடியாததை நான் இரண்டே நாளில் செய்திருந்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ரீதேவி பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பக்கத்துல வெக்க வேண்டியதைக் கீழ வெச்சுட்டீங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"இந்த ஆத்தைப் பாருங்க. இந்தத் துண்டுல வலது ஓரத்துல போய் நிக்குதா? மிச்சம் அதுக்குக் கீழ்த் துண்டுல, இடது ஓரத்துல ஆரம்பிக்குது. எல்லாத் துண்டும் அப்படித்தான் இருக்குது. நீளத்தையும் அகலத்தையும் மாத்தி எடுத்துட்டீங்க."

ஒவ்வொரு துண்டின் பெயரிலும் இரண்டு எண் இருந்தது. முதலில் வருவது மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பது. நான் அதை இடமிருந்து எத்தனையாவது துண்டு என்று நினைத்திருந்தேன். ஸ்கிரிப்ட்டில் இரண்டு எழுத்தை இடம் மாற்றினேன். பத்து நிமிஷத்தில் தீவு முழுசாக எழுந்து வந்தது. ஆறு கடல்வரை ஓடியது. என் கோட்டையின் கொடிகூடத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் ஸ்ரீதேவி. "இத்தனையும் தானா ஒட்டிக்கிச்சுங்களா?"

"நான் எழுதினது ஒட்டுச்சு."

"தீவு மட்டுந்தான் ஒட்டுமுங்களா?"

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் எழுந்து குளிக்கப் போயிருப்பான். ஆனால் அவள் என்னிடம் "நல்லா இருக்குது" என்று சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"எந்தப் படமா இருந்தாலும் ஒட்டும். துண்டு துண்டாக் குடுத்தாப் போதும். அஞ்சு நிமிஷம்."

"சிரமமில்லீங்களா?"

"எனக்கென்ன சிரமம்? இடது கையில முடிச்சுருவேன்."

"கேட்டீங்களாண்ணா?" என்றாள். என்னிடம் அல்ல. அவள் கையில் போன் இருந்தது. ஸ்பீக்கரில் யாரோ செருமினார்கள்.

அவள் அண்ணன் வேல்முருகன். மல்லசமுத்திரம் பக்கம் விவசாயம். ஊர் வாய்க்கால் யார் யார் காட்டு வழியாகப் போகிறது என்பதில் அங்கே தகராறு. காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். காட்டுக்கு ஒன்றாக இருக்கிற சர்வே படங்களையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்கித் தரச் சொல்லி ஆறு மாதம் முன்பு என்னிடம் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுமே என்ற பயத்தில், "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல முடியாதுங்க மச்சான், சாட்டிலைட் வேணும்" என்று சொல்லித் தப்பித்திருந்தேன்.

"மாப்ள," என்றார் மிக மரியாதையாக. "சாட்டிலைட் வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க மச்சான், அது வந்துங்க..."

"நீங்க இருங்க. மத்தியானமே நான் வாரேன்."

வந்தார். மஞ்சப்பையில் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்.

தீவைச் செய்தவன் ஒழுங்காகச் சதுரம் வெட்டி, எண் போட்டு வைத்திருந்தான். காட்டை அப்படி யாரும் வெட்டுவதில்லை. ஒன்று முக்கோணம். ஒன்றுக்கு ஏழு மூலை. ஒரு தாளில் கட்டைவிரல் அளவு இருக்கிற காடு அடுத்த தாளில் உள்ளங்கை அளவு இருக்கிறது. தாள்களைப் போனில் படம் பிடித்துக் கொடுத்ததும் அன்று ஸ்கிரிப்ட் ஒட்டித் தந்த படத்தை வேல்முருகன் வெகுநேரம் பார்த்தார்.

"எங்க கெணத்தைக் கொண்டுபோயி அங்கம்மா காட்டுல வெச்சுட்டீங்களே மாப்ள," என்றார். அங்கம்மாளோடு அவர்கள் குடும்பம் பேசி பதினோரு வருஷம் ஆகிறது.

அதன் பிறகு ஸ்கிரிப்ட் இல்லை. கைதான். ஒவ்வொரு ஞாயிறும் பத்துப் பதினைந்து தாளைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, திருப்பி ஒட்டினேன். ஓரம் சேராவிட்டால் வேல்முருகன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். வெயிலில் அளவுச் சங்கிலியின் ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனையில் இரண்டு பக்கத்துக்காரர்களும் சண்டை பிடிப்பார்கள். ஃப்ளெக்ஸ் கடைப்பக்கம் போகவே நேரமில்லை. தீவில் என் கோட்டையும் விழுந்துவிட்டது. முந்நூறு பேரும் வேறு ராஜாவிடம் போய்விட்டார்கள்.

போன ஞாயிறு சாயங்காலம், கை கால் எல்லாம் செம்மண்ணோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

"இன்னும் பதினாலு தாளுதான் அம்மிணி," என்றேன். "வர்ற ஞாயிறோட முடிஞ்சுரும். அதுக்கப்புறம் என்னைய யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

ஸ்ரீதேவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியுமுங்க. அதனாலதான் பக்கத்து ஊர்க்காரங்களை அதுக்கடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கறேன்."