துரை பங்களாவில் யாரும் இல்லை

கதவின் கைப்பிடி விஜயபாண்டியின் கையோடு வந்துவிட்டது.

காற்றில் தானாகச் சாத்திக்கொண்ட தேக்குக் கதவு. நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரத் துரை போட்டது. தோளால் இடித்தார். தோள்தான் வலித்தது. மாடி அறைக்கு வேறு வாசல் இல்லை.

விஜயபாண்டி கிராம நிர்வாக அலுவலர். போடிமெட்டுச் சரிவில், ஏலக்காட்டுக்கு நடுவே பாழடைந்து கிடந்த இந்தப் பங்களாவை இடிக்கப்போகிறார்கள். உள்ளே யாரும் குடியில்லை என்று அவர் சான்று தர வேண்டும். முதலில் கையெழுத்து, பிறகு ஆய்வு என்பது அவர் வழக்கம். போடியில் டீக்கடை பெஞ்சிலேயே எழுதி முத்திரை குத்திவிட்டார். வந்ததும் வாசல் கதவில் ஒட்டினார். உள்ளே நுழைந்தது ஃபைலுக்கு நாலு போட்டோ எடுக்க.

சமையலறை அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. கொடியில் ஈரச் சேலை. செத்துப்போன வாட்ச்மேனின் மனைவி கருத்தம்மா போன மாதம் மனுவோடு வந்தது நினைவுக்கு வந்தது.

"முப்பது வருசமா அங்கதான் சார் கெடக்கேன். ஒரு குடிசை போட இடம் காமிச்சுட்டு இடிக்கச் சொல்லுங்க."

"ரெக்கார்டுல அங்க ஆளே இல்லம்மா."

"நான் இருக்கேனே சார்."

"ரெக்கார்டுல இல்லைன்னா இல்லதான். போம்மா, சோலி கெடக்கு."

போட்டோவில் விழாதபடி சேலையை உருவி அடுப்புக்குப் பின்னால் எறிந்துவிட்டுத்தான் மாடி ஏறினார்.

இரண்டு மணிக்கு ஜேசிபி வரும். இப்போது ஒன்றரை.

பின்பக்க ஜன்னலருகே ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. தன்னை இறக்கிவிட்டுப் போன ஜீப் டிரைவர் சுருளிவேலைக் கூப்பிட்டார்.

"சுருளி, வெரசா வா. மாடி ரூம்ல மாட்டிக்கிட்டேன்."

"அந்த ரூமுக்கு ஏன் சார் போனீக? துரை தூக்குல தொங்குன ரூமுல்ல அது."

"வர்றியா, இல்லையா?"

"சாயங்காலம் பூசாரியக் கூட்டிட்டு வர்றேன் சார். அதுவரைக்கும் மேல பாக்காதீக."

விஜயபாண்டி மேலே பார்த்தார். உத்தரத்தில் ஒரு கொக்கி இருந்தது.

ஜேசிபிக்காரன் நம்பரைத் தேடினார். சிக்னல் போய்விட்டது. கையை வெளியே நீட்டிப் பிடித்தார். வியர்த்த கையிலிருந்து போன் நழுவி ஏலச்செடிகளுக்குள் விழுந்தது.

கீழ் வளைவில் தோட்ட வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. வெள்ளைச் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். காற்று அதைப் பிடுங்கியது. ஆளில்லாத சட்டை இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஜீப்பை நோக்கிப் பறந்தது. அலறல் கேட்டது. மெட்டுச் சாலையில் அத்தனை வேகமாக எந்த ஜீப்பும் அதற்கு முன் திரும்பியதில்லை.

இறங்கிப் பார்க்கலாம் என்று ஜன்னல் கட்டையில் கால் வைத்தார். கட்டை பெயர்ந்து கொல்லையில் விழுந்தது.

சத்தம் கேட்டு கருத்தம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் சாம்பல் அப்பிய சேலை. நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தா, மேல வந்து கதவத் தெறந்துவிடு ஆத்தா."

"சேலை அடுப்புக்குப் பின்னாடி கெடந்துச்சு சார்."

"நாந்தான் போட்டேன். தப்புத்தான் ஆத்தா."

"என் மனு என்னாச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"இன்னுமா பாக்குறீக?"

முன்பக்கம் ஜேசிபி உறுமியது. கருத்தம்மா சேலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல அந்தப் பக்கம் நடந்தாள். விஜயபாண்டி தொண்டை கிழியக் கத்தினார். இஞ்சின் நின்றது. தப்பித்தோம் என்று சுவரில் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"மேல யாரோ கத்துற மாதிரி இருக்கே ஆத்தா," என்றான் ஜேசிபிக்காரன். "உள்ள ஆளு கீளு இருக்கா?"

"கதவுல ஒட்டியிருக்குல்ல அப்பு, யாரும் இல்லைன்னு," என்றாள் கருத்தம்மா. "வி.ஏ.ஓ. சார் நேர்ல வந்து பாத்துட்டுத்தான எழுதியிருப்பாரு."